ஆறாவது கல்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்போடவே வரலாம், ஊட்டக் கூட்டி ஒம்பது நாளாச்சு. எங்கூட்டு அம்மா அவங்கக்கா ஊட்டுக்குப் போயிருக்குது, சத்தியமங்கலத்துக்கு. அதனால டீயெல்லாம் கேக்கக்கூடாது. தண்ணி இருக்குது பானையில, மோந்து குடிச்சுக்குங்க.

மொதல்லயே சொல்லிப்போடறனுங்க. இன்டர்நெட் லைன்ல ஒரு கோளாறும் இல்ல. உங்க ஆபீஸ்ல ஒரு புள்ள போன எடுத்துட்டு, "என்ன கம்ப்ளெய்ண்ட் சார்"ங்குது. கம்ப்ளெய்ண்ட் இல்ல அம்மிணி, ஒரு ஆளு வந்து பாத்து என்ற லைன் சுத்தமா இருக்குதுன்னு சீட்டு எழுதிக் குடுக்கோணும்னேன். அப்படியெல்லாம் எழுதித் தர மாட்டாங்களாம். செரி, அப்ப கோளாறுன்னே எழுதிக்கோன்னுட்டேன். நல்லா இருக்கறவனுக்கு நல்லா இருக்கறான்னு சீட்டுக் குடுக்க இந்த நாட்டுல ஆளில்ல பாருங்க.

எதுக்குச் சீட்டுன்னா, நான் முப்பத்தோரு வருசம் மில்லுல இருந்தவன். ஸ்பின்னிங். கடைசிப் பதினாலு வருசம் சூப்பர்வைசர். நாச்சிமுத்து ஷிப்டுன்னா ஒண்டிப்புதூர் வரைக்கும் தெரியும். என்ற ஷிப்டுல மிசின் நின்னா, எதனால நின்னுதுன்னு சீட்டு எழுதோணும். யாரு கோளாறோ அவன் கையெழுத்துப் போடோணும். எலக்ட்ரீசியன் கோளாறுன்னா எலக்ட்ரீசியன். மானேஜர் கோளாறுன்னா மானேஜர், ஆமா, வாங்கியிருக்கறேன். கோளாறுக்காரன் கையெழுத்துப் போடாம நான் கேட்டைத் தாண்டினதில்ல.

அந்தப் பொட்டிதான், பாருங்க, பாருங்க. ஒயர மட்டும் கழட்டிராதீங்க. எதுக்குன்னு சொல்றேன். இந்த ஸ்கிரீனப் பாருங்க. கருங்கல்லு ரூம் ஒண்ணு தெரியுதுங்களா? நடுவால இரும்புச் சட்டை போட்டுட்டு ஒருத்தன் நிக்கறானா? அது நாந்தான். எட்டு வாரமா அங்கயே நிக்கறேன்.

சிரிங்க, சிரிங்க. அம்பத்தெட்டு வயசுல கம்ப்யூட்டர்ல வெளையாட்டான்னு எங்கூட்டு அம்மாளுந்தான் சிரிச்சுது. வெளையாட்டுன்னு சொன்னா நீங்க பசங்க வெளையாட்டுன்னு நெனச்சுக்குவீங்க. இது ஷிப்டு மாதிரிங்க. ஆறு பேரு சேந்துதான் கோட்டைக்குள்ள போக முடியும். ஓசூர்ல ஒருத்தன், சேலத்துல ஒருத்தன், திருச்சிப் பையன் ஒருத்தன், மலேசியாவுல ஒரு அம்மா, அப்பறம் நானு. காதுல மைக்க மாட்டிக்கிட்டா எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து பேசற மாதிரி. ஞாயித்துக்கிழம காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சா ஒரு மணி வரைக்கும். நாந்தான் தலைவன். நான் முன்னாடி நின்னு அடி வாங்கோணும். டேங்குன்னு சொல்லுவாங்க. தண்ணி டேங்கு இல்லீங்க.

ஆறாவது ஆளுங்களா? ஆறாவது ஒரு புள்ள. புனாவுல இருக்குது. அதுதான் மருத்துவச்சி. நமக்கு அடி பட்டா பின்னாடி நின்னு மந்திரம் போட்டுக் காயத்த ஆத்தறது அதும் வேல.

மில்லுல நூல் இழை அறுந்துதுன்னா மிசின் பக்கத்துல நிக்கற சைடர் ஓடிப்போயி ஒட்டோணும். அறுந்தது பெருசில்ல, ஒட்டாம உடறதுதான் தப்பு. அந்த வாய்ப்பழக்கம் எனக்கு. இங்கயும் அடி பட்டா "அறுந்துருச்சு, ஒட்டு!"ன்னு கத்துவேன். மொதல்ல பசங்க முழிச்சானுக. அப்பறம் அவனுகளே கத்த ஆரம்பிச்சுட்டானுக. மலேசியா அம்மாகூட "ஒட்டும்மா, ஒட்டும்மா"ங்கும். அந்தப் புள்ள ஒட்டிப்போட்டு, "ஒட்டியாச்சு"ங்கும். நல்லா ஒட்டும். பொய் சொல்லக்கூடாது பாருங்க. நான் அடி வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு ஒட்டும்.

எல்லாம் புரட்டாசி வரைக்கும்தான். மழ புடிச்சுது, சனியனும் புடிச்சுது. கோட்டையோட கடைசி ரூம்ல ஒரு நாகம் இருக்குதுங்க, ஊடு ஒசரம். வாலத் தூக்குச்சுன்னா நெருப்பத் துப்பப் போவுதுன்னு அர்த்தம். வாலத் தூக்கினதும் ரெண்டு எட்டு எடதுபக்கம் தாவோணும். அவ்வளவுதான் வித்தை. நல்லாப் போயிட்டே இருக்கும். திடீர்னு அஞ்சு பேரும் நின்னுருவாங்க. செலை மாதிரி. நாகமும் நின்னுரும். நான் ஒருத்தன்தான் வேல செஞ்சுட்டு இருப்பேன். ரெண்டு நொடி, மூணு நொடி. அப்பறம் பாத்தா எல்லாரும் எடதுபக்கம் இருப்பாங்க, நான் வெந்து போயிக் கெடப்பேன்.

அஞ்சு பேரு லைனும் ஒண்ணாக் கெட்டுப்போச்சு பாருங்க! ஓசூரு, சேலம், திருச்சி, புனா, கடல் தாண்டி மலேசியா. எல்லா ஊர்லயும் ஒரே மழ.

என்னது? எல்லாரும் ஒரே நேரத்துல நின்னா...? இருங்க தம்பி, அப்பறமாச் சொல்லுங்க. நான் சொல்லி முடிச்சுக்கறேன்.

எழுதி வெச்சேனுங்க. இதா, நோட்டு. தேதி, மணி, யாரு நின்னது, எத்தன நொடி. எல்லாத்துலயும் எச்சா நின்னது யாருன்னு பாத்தா அந்த மருத்துவச்சி. எனக்கு ஒட்ட வேண்டியவ அவதான, அதனால அவ நிக்கறதுதான் எனக்குத் தெரியும். லைன் மட்டும் இல்லீங்க, ஆளே செரியில்ல. ஆவணியில இருந்தே அப்படித்தான். சண்டை நடுவால "ஒரு நிமிசம்"ன்னு எந்திரிச்சுப் போயிரும். என்னன்னா ஒமட்டுதாம். பக்கத்து ஊட்டுல வெங்காயம் தாளிச்சா இதுக்கு வவுத்தப் பெரட்டுதாம். தாளிக்கற வாசத்துக்குச் சண்டைய உட்டுட்டு ஓடறவள நீங்க பாத்திருக்கறீங்களா? பித்தம், இஞ்சிய மெல்லுன்னு மைக்லயே சொன்னேன். ஐப்பசி வந்துச்சு, வாந்தி நின்னுச்சு. அதுக்கப்பறம் இடுப்பு வலி. அரமணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நடக்கோணுமாம். இருபத்தேழு வயசுல என்ன இடுப்பு வலி? நான் அந்த வயசுல டபுள் ஷிப்டு பாத்தவன்.

ஏன் தம்பி சிரிக்கறீங்க? உங்க சம்சாரமும் அப்படித்தானுங்களா? காலம் அப்படி. ஒருத்தருக்கும் உடம்புல தெம்பில்ல.

எப்படித் தெரியும்ங்கறீங்களா, வயசு? தெரியும். என்ற புள்ளதானுங்க. தாரிணி.

இதுல மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்த நாலு பேத்துக்கும் தெரியாது. இந்தக் கம்ப்யூட்டரே அவ வாங்கினதுதான். ஊட்டுல இருந்து வேல செஞ்சா பாருங்க ரெண்டு வருசம், அப்ப மில்லும் எனக்குக் கணக்க முடிச்சு அனுப்பியிருந்துது. சும்மா உக்காந்து எல்லாரையும் திட்டிட்டு இருந்தேன். "அப்பா, உங்களுக்கு ஒரு ஷிப்டு புடிச்சுத் தாரேன்"ன்னு இதுல சேத்தி உட்டா. அப்பறம் புனாவுக்கு வேலைக்குப் போனா. போனவ ஒன்றர வருசத்துக்கு முன்னால, ஆனியில, ஒரு போட்டோ அனுப்பறா. ரிஜிஸ்தர் ஆபீஸ் படிக்கட்டு, மாலையும் கழுத்துமா. பக்கத்துல ஒருத்தன். நம்ம சனமில்ல. அவன் பேரும் எனக்கு வாயில வராது, மாப்பிள்ளைன்னும் வராது.

அன்னைக்கே அவ ரூம இழுத்துப் பூட்டினேன். அதா, அந்தக் கதவு. பூட்டோட தொறப்புக்குச்சி என்ற இடுப்புல அரணாக்கவுத்துலதான் கெடக்குது, இன்னைக்கு வரைக்கும். இந்த ஊட்டுல அப்படி ஒருத்தி இருந்தாள்னு யாரும் பேசக்கூடாதுன்னு எங்கூட்டு அம்மாகிட்டச் சொன்னேன். அது ஆட்டுக்கல்லு மாதிரி உக்காந்திருந்துது.

அடுத்த ஞாயித்துக்கிழம பத்து மணி. நான் எப்பவும் போல உக்காந்தேன். வருவாள்னு நெனைக்கல. மருத்துவச்சிக்கு வேற ஆளு பாக்கோணுமேன்னுதான் ரோசனை. பத்தடிக்க ரெண்டு நிமிசம், பேரு பச்சையாயிருச்சு. வந்து பின்னாடி நின்னுக்கிட்டா. நானும் ஒண்ணும் கேக்கல, அவளும் சொல்லல. "வாலத் தூக்குது." "எடது." "ஒட்டு." "ஒட்டியாச்சு." ஒன்றர வருசமா எங்களுக்குள்ள இவ்வளவுதான் பேச்சு. அப்பான்னும் இல்ல, கண்ணுன்னும் இல்ல. ஒரு ஞாயிறு அவ தப்புனதில்ல. அது போதும்ங்க எனக்கு. போதும்னா, வெளையாட்டுக்குப் போதும்னு சொல்றேன்.

கார்த்திகை ரெண்டாவது ஞாயித்துக்கிழம நாகத்தக் கொன்னுட்டம். அஞ்சு மாசப் பாடு. ஆனா கடைசி அடி உழுகும்போது நான் செத்துக் கெடக்கறேன். அதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ செத்தேன். சேலத்துக்காரன் இருக்கறானே, பாம்புக்கண்ணன்னு பேரு வெச்சுக்கிட்டவன், "தலைவர் இன்னைக்கு நல்லா வறுபட்டாரு"ங்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. அவளும் சிரிச்ச மாதிரி இருந்துது. எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம். நோட்ட எடுத்து மைக்லயே படிச்சேன். மருத்துவச்சி, இந்த மாசத்துல பதினேழு தடவ நின்னிருக்கற, உன்னாலதான் நான் சாகறேன், தூங்கறதுன்னா போய்த் தூங்குன்னு.

படிச்சுட்டு நோட்ட மூடி வெச்சேன். அப்பறம் சொல்றா, "அப்பா, நான் ஒட்டிட்டேதான் இருக்கறேன். நீங்கதான் நின்னு போறீங்க."

அப்பான்னுட்டா. நாலு பேத்துக்கு முன்னால. சேலத்தான் "அப்பாவா?"ங்கறான். எனக்குக் காதெல்லாம் சுட்டுப்போச்சு. தலைவனுக்கு ஒரு பொத்தான் இருக்குது, "நீக்கு"ன்னு. அமுக்கிட்டேன்.

அமுக்கினதுக்கப்பறம்தான் தெரியுது. அந்த ரூம உட்டு வெளிய வரோணும்னா ஆறு பேரும் ஆறு கல்லு மேல நிக்கோணும். அப்பத்தான் கதவு தொறக்கும். அஞ்சு பேரு எத்தன நேரம் நின்னாலும் தொறக்காது. அரமணி நேரம் நின்னாங்க. "கூப்பிடுங்க சார் அவங்கள"ன்னாங்க. மலேசியா அம்மா, "பிள்ளையாங்க அது? கூப்பிடுங்கய்யா"ன்னுது. நான் கூப்பிடல. ஒவ்வொருத்தரா "வெளியேறு"ன்னு அமுக்கிட்டுப் போயிட்டாங்க. அப்படிப் போனா அஞ்சு மாசம் சம்பாரிச்சதெல்லாம் போச்சு. போனாலும் பரவால்லன்னு போயிட்டாங்க. அவங்க கல்லெல்லாம் அணைஞ்சு போச்சு. இப்ப என்ற கல்லு ஒண்ணுதான் எரியுது.

நான் ஏன் போகலைங்கறீங்களா? இங்க பாருங்க, ஓரத்துல. போனவங்க பேரு போயிருச்சு. நீக்கினவ பேரு மட்டும் மங்கலா நிக்குது. பக்கத்துல "அழை"ன்னு ஒரு பொத்தான். நான் வெளிய போயிட்டா இந்தப் பேரும் போயிரும். அப்பறம் அவள எங்கன்னு தேடறது? எங்கூட்டு அம்மாகிட்ட போன் நெம்பர் இருக்கும். கேட்டா அது மூஞ்சியப் பாக்கோணுமில்ல?

லைன் பத்து நிமிசம் அறுந்துதுன்னாலும் கோட்டை நம்மள வெளிய தள்ளிரும். அதனால எட்டு வாரமா கம்ப்யூட்டர அணைக்கல. கரண்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டேன். தீபத்துக்குக் கோயிலுக்குப் போகல. பொங்கலுக்கு எங்க தங்கச்சி ஊட்டுக்குப் போகல. பால் வாங்கப் போனாக்கூட ஓடிப்போயி ஓடியாரேன். ஒரு ஆளக் காவல் வெச்ச மாதிரி உக்காந்திருக்கறனுங்க.

அழைச்சுத் தொலைக்கலாமேன்னா, எப்படிங்க? கோளாறு அவளுது. அவ ஒத்துக்கோணும். ஒத்துக்கலைனா காட்டறதுக்கு என்ற கையில சீட்டு வேணும். லைன் சுத்தம்னு. அதுக்குத்தான் நீங்க.

சத்தியமங்கலத்துக்குப் போன கதையக் கேளுங்க. இந்த அம்மா காலைல நாலு மணிக்கே எந்திரிச்சுச் சமைக்குது. என்னடான்னா புளிச்சோறு, எலுமிச்சங்கா சோறு, தேங்காச்சோறு, எள்ளுச்சோறு, தக்காளிச்சோறு. அஞ்சு வகைக் கட்டுச்சோறு. ரெண்டு மணி நேர பஸ்ஸுக்கு! பழைய நூல் சேலையெல்லாம் வேற மூட்ட கட்டுது. அக்கா ஊட்டுல தொடைக்கத் துணியில்லையாக்கும்னேன். மூட்டைய இன்னும் இறுக்கிக் கட்டுச்சு. கெளம்பறப்ப, "நான் திரும்பி வர்றப்ப ஊட்டுல எடம் இருக்கோணும்"ன்னுட்டுப் போவுது. மூணு ரூம் ஊடு, ரெண்டு சனம், எடத்துக்கென்ன பஞ்சம்?

என்ன கேட்டீங்க? எத்தன மாசமா? மாசமெல்லாம் ஆகலீங்க, சொன்னனே, போயி ஒம்பது நாளுதான் ஆச்சு.

ஐயோ, தம்பி! தம்பி! ஒயரக் கழட்டிட்டீங்களே! சொன்னனா இல்லியா? பாருங்க, ஸ்கிரீன்ல பத்து நிமிசம் ஓட ஆரம்பிச்சிருச்சு! ஒம்பது அம்பத்தெட்டு! மாட்டுங்க, மாட்டுங்க திரும்ப! என்ன பேனா அது? செவப்பு லைட்டா? ஒயருக்குள்ள அடிச்சா எங்க ஒடைஞ்சிருக்குதோ அங்க வெளிய தெரியுமா? ஒடைஞ்சிருந்தாத்தான தெரியறதுக்கு! செரி அடிங்க, சீக்கிரம் அடிங்க. தெருப்பக்கம் போய்ப் பாருங்க, கம்பத்துலதான் தெரியும்.

எங்க? அங்கியா?

கதவு இடுக்குல.

ஆமா, செவப்பாத்தான் தெரியுது. அவ ரூம் ஜன்னல் வழியாத்தானுங்க ஒயர் உள்ள வருது, அவளுக்கு வாங்கின லைன்தான இது. அங்கிருந்து கதவு ஓரமா இங்க இழுத்துட்டு வந்திருக்குது. நான் கதவச் சாத்தினப்ப கீலுப்பக்கம் மாட்டியிருக்கும்போல. மழைக்கு மரம் ஊதியிருக்கும். அப்படி நசுங்கினா? நின்னு நின்னு போகுமா? ஆரோட லைன் நின்னு போகும்? என்றதா?

அவங்க எல்லாரும் நிக்கறது...

இருங்க தம்பி. நீங்க அந்தப் பேனாவ அணைங்க மொதல்ல, கண்ணுல குத்துது.

அந்தக் கதவத் தொறக்க முடியாதுங்க. வேற ஒயர் போடுங்க. சந்துப்பக்கம் சுத்திப் போடுங்க. ஒரு மணி நேரம் ஆகுமா? நாளைக்குத்தான் ஒயர் வருமா? ஆறு நிமிசம்தான் இருக்குது! வெளியில இருந்தே கம்பியுட்டு நெம்பிப் பாருங்களேன். ஒடைஞ்சிருமா? கதவத் தொறந்தா மட்டும் போதுமா, நசுங்கினது விட்டுருமா?

நான் அந்தக் கதவத் தொறக்கறதில்லைன்னு சொல்லியிருக்கறனுங்க. யாருகிட்டயா? எல்லார்கிட்டயும். எங்கூட்டு அம்மாகிட்ட. எங்க தங்கச்சிகிட்ட. கோயில்ல வெச்சுச் சொன்னேன்.

அஞ்சு நிமிசம். அந்தப் பேரு போயிருச்சுன்னா...

புடிங்க இத. கைய வெச்சு இந்த முடிச்ச அவுருங்க. அரணாக்கவுத்துலயே இருந்து இருந்து இறுகிக் கெடக்குது. அறுத்துருங்க. பரவால்ல, அறுத்துருங்க தம்பி. ம். பூட்டு தொறந்துக்கிச்சு. கதவுதான் கீலுப்பக்கம் சித்த இறுக்கிப் புடிக்குது. தோளக் குடுங்க. ஒண்ணு, ரெண்டு...

போங்க, போங்க, நீங்க போயி ஒயர மாட்டுங்க. நான் கதவப் புடிச்சுட்டு நிக்கறேன். மாட்டிட்டீங்களா? எத்தன இருக்குது? ஒண்ணு நாப்பதா? பேரு இருக்குதா? தம்பி, மங்கலா ஒரு பேரு இருக்கோணும், பாத்துச் சொல்லுங்க. இருக்குதா?

இருக்குது.

அப்பாடா. சித்த உக்காந்துக்கறனுங்க.

ஏனுங்க தம்பி, இந்த ரூமு... ஒன்றர வருசமாப் பூட்டிக் கெடக்குது. தூசி எங்க? யாரோ கூட்டியிருக்கறாங்களே. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்குது. கட்டுலுக்குப் புதுசா விரிப்பு. தொறப்புக்குச்சி ஒண்ணுதான்னு நெனச்சுட்டு இருந்தேன். இன்னொண்ணு இந்த அம்மா அரிசி டின்னுக்குள்ள வெச்சிருந்திருக்கும். அது அப்படித்தான், எல்லாத்தையும் அரிசிக்குள்ளதான் வெக்கும். நான் பால் வாங்க ஓடற நேரத்துலயும் ராத்திரி தூங்கற நேரத்துலயும் இங்க வந்து எல்லாம் செஞ்சிருக்குது.

மேல பாருங்க. விட்டத்துல. தொட்டில் கம்பிங்க அது. பரண் மேல கெடந்துது, தேச்சுக் கழுவி மாட்டியிருக்குது. தாரிணிய அதுலதான் ஆட்டுனம். நைட் ஷிப்டு முடிச்சு வந்து காலைல நாந்தான் ஆட்டுவேன்.

நீங்க அப்பக் கேட்டீங்களே, எத்தன மாசம்னு.

கட்டுச்சோறு. அஞ்சு வகை. நம்ம சனத்துல அது எதுக்குக் கட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதாங்க? என்ற தங்கச்சிக்கு ஏழாம் மாசம் நானே கூடை தூக்கிட்டுப் போயிருக்கறேன். கட்டுச்சோறு கொண்டுபோறவங்க சும்மா திரும்ப மாட்டாங்க, புள்ளத்தாச்சியக் கூட்டிட்டுத்தான் வருவாங்க. சத்தியமங்கலமும் இல்ல, அக்காளும் இல்ல. புனாவுக்கு ரயிலேறிப் போயிருக்குது. ஒம்பது நாளா அங்க உக்காந்திருக்குது. ஊட்டுல எடம் இருக்கோணும்னு சொல்லிட்டுத்தான போச்சு. எனக்குத்தான் காதுல ஏறல.

வெங்காய வாசத்துக்கு ஒமட்டுதுன்னா. இஞ்சிய மெல்லுன்னு சொல்லிட்டேன். இடுப்பு வலின்னா. தூங்கறதுன்னா போய்த் தூங்குன்னு சொல்லிட்டேன், நாலு பேத்துக்கு முன்னால. அந்த உடம்போட மூணு மணி நேரம் உக்காந்து எனக்கு ஒட்டிட்டு இருந்திருக்கறா. நான் நின்னு போயிட்டு அவ நின்னான்னு நோட்டுல எழுதிட்டு இருந்திருக்கறேன். எனக்கு யாருமே சொல்லலீங்க தம்பி. சொல்ற மாதிரி நானும் இருக்கல.

என்ன எழுதறீங்க? சீட்டுங்களா? வேண்டாம்னு சொல்லலீங்க, எழுதுங்க. குடுங்க பாக்கலாம். "கோளாறு: வீட்டுக்குள். காரணம்: கதவு மூடியதால் ஒயர் நசுங்கியது. மற்றபடி லைன் சுத்தம்." சுத்தம்னு எழுதிட்டீங்களே. இதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது. கீழ கையெழுத்து யாரு? வாடிக்கையாளரா?

குடுங்க பேனாவ. கோளாறுக்காரன்தான போடோணும். நாச்சிமுத்து. தேதியும் போட்டுட்டேன்.

இன்னும் என்ன? ஒருக்கா ஓட்டிப் பாக்கோணுமா? பாத்துக்குங்க. ஏதாவது ஒரு பொத்தான அமுக்கிப் பாருங்க. எதுன்னாலும் செரி. அந்த "அழை"ன்னு இருக்குது பாருங்க, அதக்கூட அமுக்கலாம். சும்மா டெஸ்டிங்குக்குத்தான். நான் அமுக்கினா நல்லா இருக்காது, நீங்க அமுக்குங்க. லைன்காரரு நீங்கதான.

அமுக்கிட்டீங்களா?

அவ இந்நேரம் இருக்க மாட்டா. வேலைக்குப் போயிருப்பா. இல்ல, லீவு போட்டிருப்பாளோ. அவங்கம்மா சோறு போட்டுட்டு இருக்கும். எட்டு வாரமா எனக்கென்ன ரோசம்னு அவளுக்கும்...

பச்சையாயிருச்சு. தம்பி, பேரு பச்சையாயிருச்சு. வந்துட்டா. ஆறாவது கல்லு எரியுது பாருங்க.

ஏன் அசைய மாட்டேங்கறா? அப்படியே நிக்கறாளே. லைன் மறுபடியும் போச்சுங்களா? நல்லா இருக்குதா? நெசமா நல்லா இருக்குதா? அப்ப யாரு நிக்கறது?

நானா?

அந்த மைக்க எடுங்க. இது ஆன்ல இருக்குதுங்களா?

மருத்துவ...

கண்ணு. அப்பாதான். கேக்குதா? இல்ல, அறுகல, லைன்லதான் இருக்கறேன். லைன் ஆபீஸ்ல இருந்து ஆளு வந்திருக்கறாரு. கோளாறு இங்கதானாம். சீட்டுல எழுதிட்டாரு, நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். அழுகாத சாமி. அழுகாத, உடம்புக்கு ஆகாது. உங்கம்மா பக்கத்துலதான இருக்குது? எடம் இருக்குதுன்னு சொல்லு. நாலு பேரு வந்தாலும் இருக்குது. அப்பறம், உன்ற ரூம் கதவு இருக்குது பாரு, அத இனிமே சாத்தவே கூடாதுங்கறாரு. சாத்தினா லைன் நசுங்கிருமாம். தொறந்தேதான் கெடக்கும். நான் சொல்லல சாமி, லைன்காரரு சொல்றாரு.